மூலையில் விழும் விரல்

என்னங்க,

நீங்களும் சின்னவளும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் ஒரு வேடிக்கை நடந்தது. அடையாள அட்டையில் இருப்பது நானில்லை என்று ஓட்டல் வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார். பயந்துவிடாதீர்கள், கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். புதுப் படம் எடுக்க வேண்டியதாயிற்று. அறை சுத்தம் செய்கிறவர்கள் அட்டையில் சிரித்த முகமாக இருக்க வேண்டுமாம். குளியலறைக் கண்ணாடிகளைத் துடைக்கும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துப் பழகினேன்.

சூப்பர்வைசர் அம்மா செல்போனைத் தூக்கியதும் எல்லாம் மறந்துபோயிற்று.

"என்னம்மா, பல்லு வலியா? வீட்டு ஆளுங்கள நெனச்சுக்கிட்டு சிரி" என்றார்.

நினைத்தேன். உதடு சிரித்தது, கண் கேட்கவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, "அய்யோ, பாதிப் படம் இருட்டா இருக்கே!" என்றார். அவருடைய விரல் லென்ஸை மறைத்திருந்தது. அச்சு அசல் நீங்கள்தான்! சின்னவள் தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது, நீங்கள் எடுத்த எந்தப் படத்தின் மூலையில்தான் உங்கள் விரல் இல்லை? குபீரென்று சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்து அட்டையில் போட்டிருக்கிறார்கள்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் தலைவலித் தைலம் கொடுத்தனுப்புங்கள். வேலைக்கு மணி அடித்துவிட்டது. சின்னவளைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம், நீங்களே எடுங்கள். விரல் விழுந்தால் விழட்டும். அதையும்தான் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உங்கள்
வீட்டுக்காரி