களப்பில் என் பெயருக்கு ஒரு சீட்டு

1965 தை 10, கொக்கிளாய்

பூசை முடிந்ததும் தேவாலய முற்றத்தில் சீட்டு எடுத்தார்கள். கடலோடு சேரும் இந்த உப்புநீர்க் களப்பில் யார் எந்த இடத்தில் வலை வைப்பது என்பது ஒரு வருடத்துக்கு இதில்தான் தீரும். ஓலைப் பெட்டிக்குள் என் பெயரும் கிடந்தது. பத்து வருடத்துக்கு முன் ஒரு குத்தகைக்காரன் களப்பு வாயை அடைத்தபோது அப்புக்காத்தாக முல்லைத்தீவுக் கோட்டில் இந்த ஊர் மீனவர்களுக்காக வழக்குப் பேசினேன். வென்றதும் பெயரைச் சேர்த்தார்கள்; பிறகு பாராளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள். தோணியில் ஏறினாலே தலை சுற்றும் யாழ்ப்பாணத்துச் சைவக்காரனுக்கு ஓர் இடம்!

வழக்கம்போல் யூலிற்றாவின் வலையைத் தொட்டு, "இந்த வருசமும் நீங்கள் வையுங்கோ" என்றேன். இடத்துக்காரன் வாய்விட்டுச் சொல்லாமல் வேறு எவரும் அங்கே வலை வைக்க மாட்டார்கள். யூலிற்றா கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர். பெண்கள் பெயருக்குச் சீட்டு இல்லை.

ஆடி 7, கொழும்பு

சபையில் யாரோ பேச, நான் கூரையைப் பார்த்தபடி களப்பில் மிதந்துகொண்டிருந்தேன். வெளியே வந்ததும் அமைச்சர் தோளில் கை போட்டார். ரோமாபுரிக்குத் தூதுவராகப் போகிறீரா?

எதிர்த்துப் பேசும் வாய் தூரத்தில் இருந்தால் அவர்களுக்கு நிம்மதி. தெரியாதா எனக்கு? ஆனாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் சின்ன வயதுப் பூகோளப் புத்தகம் மணத்தது. ஆசைதான். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், ஆசைதான்.

ஆவணி 22, கொக்கிளாய்

மாலை போட்டார்கள். "எங்கட ஐயா பாப்பரசருக்குப் பக்கத்து வீட்டுக்குப் போறார்" என்று சீட்டுப் பெட்டிக்குப் பொறுப்பான மரியநேசன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

யூலிற்றா மட்டும் கேட்டார்: "எப்ப ஐயா திரும்பி வாறியள்?"

"தைச் சீட்டுக்கு வந்திடுவன்."

ஏன் அப்படிச் சொன்னேன்?

1966 தை 9, ரோமாபுரி

இன்று சீட்டு. இங்கே மழை. ஆற்றங்கரையில் நடந்தேன், பாலத்தடியில் களப்பின் செங்கால் நாரைகள் நிற்பதுபோல் இருந்தது. ஒன்றும் இல்லை.

மாசி 14

மரியநேசனின் கடிதம். "களப்பு வாயோட இருக்கிற இடம் உங்கட பேருக்கு விழுந்தது. நல்ல இறால். வாறன் எண்டு சொன்னனீங்கள், அதால ஒருத்தரும் வலை வைக்கேல்லை. யூலிற்றா மற்ற ஆக்களுக்குக் கருவாட்டு மீன் வெட்டுறா. பாத்துக்கொண்டிருக்கிறம்."

ஐயோ, என்ன வேலை பார்த்தேன்!

மாசி 15

'இந்த வருடம் யூலிற்றா வைக்கட்டும்' என்று எழுதினேன். அடுத்த வருடம்? அதற்கடுத்த வருடம்? கிழித்தேன்.

'நான் இனி வரமாட்டேன். என் பெயரை எடுத்துவிட்டு யூலிற்றாவின் பெயரை எழுதுங்கோ. பெண் பெயர் என்று யாராவது மறித்தால், இது உங்கள் அப்புக்காத்தின் கடைசி வழக்கு என்று சொல்லுங்கோ.'

முதல் வரியை எழுதத்தான் நேரமானது. தபாலில் போட்டாயிற்று.

1967 பங்குனி 3

ஒரு பொதி வந்தது. தூதரகம் முழுக்க இறால் கருவாட்டு மணம். காரியதரிசிப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே ஒரு துண்டுக் கடதாசி: "என்ர இடத்து இறால். யூலிற்றா."

கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.