மூன்று பின் இருக்கைகள்

பீல்,
2.3.2025

அன்பின் சுமித்ராவுக்கு,

நேற்றுப் பின்னேரம், எல்லோருடைய அபிப்பிராயமும் கேட்கப்பட்டு, இரண்டு தரம் தேத்தண்ணி பரிமாறப்பட்ட பிறகு, வண்டியின் நிறம் சாம்பல் என்று தீர்மானிக்கப்பட்டது. வெள்ளையில் ஊத்தை தெரியும் என்று அது முதலிலேயே தள்ளப்பட்டது. கறுப்பு என்றால் செத்தவீட்டு வண்டி மாதிரி இருக்கும் என்றார் குலேந்திரன் அண்ணை. நீலத்துக்கு ஒரு வாக்குத்தான் விழுந்தது. அது என்னுடையது.

எந்த வண்டி என்று கேட்பீர். என்னோடு தொழிற்சாலையில் மணிக்கூடு பூட்டுகிற ஹெர் வெங்கரை உமக்குத் தெரியும். அவரிடம் ஒரு கரவான் வாங்கிவிட்டேன். கட்டில், குசினி, குளியலறை எல்லாம் உள்ள பாரமான சாமான். தன்னுடைய மனைவி அதற்குள் ஒரு நாளும் காலடி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் விற்கிறாராம். இதை நான் சகுனமாக எடுக்கவில்லை.

மற்றக் கரவான்களைக் காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கலாம். இது அந்தச் சாதி இல்லை. இதன் மூக்கு பிக்கப்பின் பின்பெட்டிக்கு மேலே ஏறி, பெட்டியின் நடுவில் பூட்டப்பட வேண்டும். கொள்கலன் லொறி பார்த்திருப்பீர், அப்படி. ஆகவே அதை இழுக்க ஒரு பிக்கப் தேவைப்படுகிறது. நிறம் தீர்மானிக்கப்பட்டது அதற்குத்தான். இழுவை லைசென்ஸும் எடுத்துவிட்டேன், இரண்டாந்தரம் போய். கரவான் லாங்கன்தாலில் ஒரு விவசாயியின் வளவில் நிற்கிறது.

நீர் எங்கடின் மலைப்பக்கம் அந்த ஹோட்டலுக்கு வேலைக்குப் போய் இது மூன்றாவது குளிர்காலம். போகும்போது, "இந்த வீட்டில உங்களுக்கும் எனக்கும் எண்டு பூட்டுறதுக்கு ஒரு கதவு இல்லை" என்று சொன்னீர். ஆவணியில் எனக்குப் பென்சன். நான் யோசித்துப் பார்த்து, கதவுள்ள ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதற்குச் சில்லும் உண்டு.

பார்த்து வைத்திருக்கிற பிக்கப் டபுள் கப், இரண்டு வரிசை இருக்கை உள்ளது. முன்னுக்கு இரண்டு பேர், பின்னுக்கு மூன்று பேர் வசதியாக இருக்கலாம்.

அண்ணை சுகம் விசாரித்தார்.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராஜா


எங்கடின்,
9.3.2025

அன்புள்ள லக்சாயினியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நிறம் பற்றிய தீர்மானத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டேன்.

ஃபோன் எடுக்காமல் எழுதியதற்கு நன்றி. நீங்கள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஹோலின் நடுவில் வைப்பீர்கள். சாப்பிட்டீங்களோ என்று உங்களைக் கேட்டால் நாலு பேர் ஓம் என்பார்கள். உங்கள் குரல் அதில் எது என்று நான் கண்டுபிடிக்க முதல் பற்றரி முடிந்துவிடும்.

இங்கே பனி இன்னும் யன்னல் அளவுக்கு நிற்கிறது. விரிப்புத் துணிகள் வந்துகொண்டே இருக்கின்றன. தலையணை களைத்துப்போய் இருக்கிறது என்று நேற்று ஒரு விருந்தாளி முறைப்பாடு செய்தார். தொட்டுப் பார்த்தேன். எனக்கும் அதற்கும் ஒரே வயதுதான் இருக்கும்.

எனக்கு ஒரேயொரு கேள்வி. அந்த மூன்று பின் இருக்கையும் ஆருக்கு?

கோபத்தில் கேட்கவில்லை. உங்கள் ஹோலில் ஆட்கள் இரண்டு கிழமைக்கு என்று வருவார்கள். குலேந்திரன் அண்ணையும் அப்படித்தான் வந்தவர். லக்சாயினி, தண்ணியில்லாத குளிக்கும் தொட்டிக்குள் இருந்துதான் சோதனைக்குப் படித்தவள். யாராவது கதவைத் தட்டி "பிள்ளை, அவசரம்" என்றால், புத்தகத்தோடு வெளியே வந்து நின்றுவிட்டுத் திரும்பப் போய்த் தொட்டிக்குள் இருப்பாள். அதே வீட்டைச் சில்லுப் பூட்டி எங்கடின் வரைக்கும் இழுத்து வருவதென்றால் நான் இங்கேயே இருக்கிறேன். என் அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை. கதவைப் பூட்டினால் பூட்டினபடி இருக்கும்.

கோடைக்கான ஒப்பந்தம் மேசையில் கிடக்கிறது. ஈஸ்டர் முடியக் கையெழுத்து வேண்டுமாம். நான் இன்னும் வைக்கவில்லை. சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை அண்ணைக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

அன்புடன்,
சுமித்ரா


பீல்,
18.3.2025

அன்பின் சுமித்ராவுக்கு,

அண்ணைக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. தபாலைக் கீழே போய் எடுத்து வருகிறவர் அவர். படி ஏறும்போதே வாசித்துவிடுகிறார்.

ஆகவே உம்முடைய கேள்வி ஹோலில் விவாதத்துக்கு எடுக்கப்பட்டது. "ஆராவது வந்தால்?" என்றார் அண்ணை. "ஆர் வாறது?" என்றேன். "அது தெரியாதுதானே. தெரியாதபடியால்தான் இருக்கை வேணும்" என்றார். 

மறுநாள் கரவானின் பத்திரங்களோடு லாங்கன்தாலில் உள்ள கராஜுக்குப் போனேன். கராஜ்காரர் அதிகம் கதைக்காத சுவிஸ்காரர். டபுள் கப் இழுக்குமோ என்று கேட்டேன். இழுக்கும், அதில்லைப் பிரச்சினை என்றார். இந்த மாதிரிக் கரவான், மூக்கைக் கொண்டுவந்து பிக்கப்பின் முதுகில் வைத்து அழுத்துகிறது. அந்தப் பாரம் பிக்கப் சுமக்கிற பாரமாகக் கணக்கெடுக்கப்படும். ஆட்களும் பாரம்தான், அரிசி மூட்டையும் பாரம்தான். ஐந்து பேர் ஏறினால் கரவானைப் பூட்டக்கூடாது. கரவானைப் பூட்டினால் ஐந்து பேர் ஏறக்கூடாது. போதாததற்கு டபுள் கப்பின் பின்பெட்டி கட்டை. வளைவில் திரும்பினால் கரவானின் நெற்றி பின் கண்ணாடியில் முட்டும்.

"ஆட்களோ, கரவானோ? ஒன்றைச் சொல்லும்" என்றார்.

இதே கேள்வியை மூன்று வருடத்துக்கு முன் எங்கள் குசினியில் வைத்து நீரும் கேட்டீர். அப்போது எனக்கு விளங்கவில்லை. இவர் ஜெர்மனில் கேட்டபடியாலோ என்னவோ, விளங்கியது.

பெரிய அமெரிக்க வண்டி ஒன்றும் இருக்கிறது. அதில் கரவானும் ஏறும், எல்லாரும் ஏறலாம். ஆனால் அதை லொறி என்று பதிவார்கள். லொறி லைசென்ஸ் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டவும் முடியாது. அண்ணை இதை ஆதரித்தார். "ஞாயிற்றுக்கிழமையில நாங்கள் எங்க போறம்?" என்றார்.

நான் சிங்கிள் கப் எடுக்கிறேன். இரண்டு இருக்கை. நீண்ட பெட்டி. பின்னுக்கு ஒருவரும் இல்லை, இருக்கவும் இடமில்லை. அது வெள்ளையில் மட்டும்தான் கிடைக்கிறது. சாம்பல் தீர்மானம் ரத்து. "இது கலியாணம் கட்டாத ஆக்களின்ர வண்டி" என்று சொல்லிவிட்டு அண்ணை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. உமக்குப் பிடித்திருக்கும்.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராஜா


எங்கடின்,
28.3.2025

அன்புள்ள லக்சாயினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் துணி அறையில் நின்றபடி வாசித்தேன். பிறகு மடித்த விரிப்புகளுக்கு மேலே ஏறி இருந்து இன்னொரு தரம் வாசித்தேன். அப்படி இருக்கக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவில்லை. வேறு ஆள் பாருங்கள் என்று மேலாளரிடம் சொன்னேன். ஈஸ்டர் முடிந்து செவ்வாய் வரைக்கும் பார்க்கமாட்டேன் என்றார். அவருக்கு என்ன தெரியுமோ தெரியாது.

செவ்வாய்க்கிழமை, 22ஆம் திகதி, மத்தியானத்துக்கு முதல் ஊழியர் வாசலில் ஒரு பெட்டியோடு நிற்பேன். பெரிய சோற்றுப் பானையைக் கொண்டுவர வேண்டாம். அதில் இரண்டு பேருக்குச் சோறு வைத்தால் அடியில் ஒட்டும். சின்னச் சட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கடையில் அதைக் கையில் தூக்கிப் பார்த்தபோது, இவ்வளவு சின்னதாகவும் சட்டி செய்கிறார்களோ என்று இருந்தது.

உங்களோடு தனிய இருந்து என்ன கதைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை. எங்கேயாவது ஒரு வாவிக்குப் பக்கத்தில் நிற்பாட்டிவிட்டு, கதைக்காமல் இருப்போம். எனக்கு அதுவே காணும்.

குலேந்திரன் அண்ணை, நீங்கள் இதைப் படியில் நின்று வாசிக்கிறீர்கள் என்று தெரியும். முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சுமித்ரா


பீல்,
17.4.2025

அன்பின் சுமித்ராவுக்கு,

அண்ணைக்கு முழங்கால் அப்படியேதான். கேட்டதற்குச் சந்தோசப்பட்டார்.

வண்டி வந்துவிட்டது. தேசிக்காய் வைத்து நசித்து, தேங்காய் உடைத்து, கரவானையும் பூட்டி ஓட்டிப் பார்த்தேன். முன்னுக்குப் போவது சுகம். பின்னுக்குப் போகும்போது கரவானுக்குத் தனி அபிப்பிராயம் இருக்கிறது. விவசாயியின் வேலியில் ஒரு கட்டை இப்போது இல்லை.

புது விரிப்பு வாங்கிப் போட்டேன். நீர் அதைக் குறை சொல்வீர் என்று தெரியும், அதற்கென்றே வாங்கினேன். கரவானின் கதவை உள்ளே இருந்து பூட்டிப் பார்த்தேன். பூட்டுகிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஒருவரும் தட்டவில்லை. முதலில் அந்தரமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

செவ்வாய் காலமை வெள்ளனப் புறப்படுவேன். ஈஸ்டர் லீவால் இந்தக் கடிதம் பிந்தினாலும் நான் பிந்தமாட்டேன்.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராஜா

பி.கு.: ஒரு சின்ன விசயம். பிரிந்திருக்கிற மனிசியைக் கூட்டிவர ஆம்பிளை தனியப் போவது முறையில்லை, பெரியவர் ஒருவர் வந்து நாலு வார்த்தை கதைத்துத்தான் கூட்டிவர வேணும் என்று அண்ணை சொல்கிறார். எங்கள் கலியாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தானே. அவரும் வருகிறார். பின்னுக்கு எடுக்கும்போது பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.


எங்கடின்,
23.4.2025

அன்புள்ள லக்சாயினியின் அப்பாவுக்கு,

உங்கள் 17ஆம் திகதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது.

நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியும். நேற்று நான் ஒன்றும் கதைக்காதபடியால் இதை எழுதுகிறேன்.

வண்டி வடிவாக இருந்தது. கரவானும் நான் நினைத்ததைவிட வடிவு. அண்ணை முன் இருக்கையில் இருந்து இறங்கி, சால்வையைச் சரிப்படுத்திக்கொண்டு வந்தார். "தங்கச்சி, புருசன் பெண்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும், நடந்ததை விடு, இவன் உன்னை நினைச்சுத்தான் இவ்வளவும் செய்தவன்" என்று நன்றாகத்தான் கதைத்தார். நானும் தலையாட்டினேன். நீங்கள் என் பெட்டியையும் சட்டியையும் கரவானுக்குள் ஏற்றினீர்கள். நான் புது விரிப்பைப் பார்த்தேன். மட்டமான துணி. குறை சொல்வதை வாவிக்கரைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு அண்ணை தன் பக்கத்தால் ஏறி இருந்தார். நீங்கள் உங்கள் பக்கத்தால் ஏறினீர்கள். இரண்டு பேரும் பெல்ற் போட்டீர்கள். நான் வெளியே நின்றேன். அப்போதுதான் மூன்று பேருக்கும் விளங்கியது.

"தங்கச்சி பின்னால கரவானுக்குள்ள படுத்துக்கொண்டு வரட்டும், கட்டில் இருக்குத்தானே" என்றார் அண்ணை. ஓடுகிற கரவானில் ஆள் இருப்பது சட்டப்படி பிழை என்று நீங்கள் அவருக்கு விளங்கப்படுத்தினீர்கள். ஸ்டேசன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. நீங்கள் சொல்ல வேண்டியது ஒரேயொரு வசனம். நான் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வசனம் வந்தது. எனக்கு வந்தது.

"அண்ணைக்கு முழங்கால் ஏலாது சுமித்ரா. அவரை றெயில்ல அனுப்பினால் மரியாதையில்லை. நீர் றெயில்ல வாரும். குர் ஸ்டேசனில ஒருக்கா மாறி, சூரிக்கில ஒருக்கா மாறினால் சரி. சுகமான பயணம்."

கோபமில்லை. பாவம், அண்ணைக்கு முழங்கால் உண்மையிலேயே ஏலாது. முப்பது வருடமாக எல்லாருக்கும் ஏதோ ஒன்று உண்மையிலேயே ஏலாமல்தான் இருந்தது.

றெயிலில் வேண்டியிருக்கும் என்று பெட்டியை இறக்கித் தந்தீர்கள். சட்டி கரவானில் நின்றுவிட்டது. நீங்கள் போவதை வளைவு வரைக்கும் பார்த்தேன். வண்டி நன்றாகத் திரும்பியது. கரவான் கண்ணாடியில் முட்டவில்லை. கராஜ்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஸ்டேசனில் போய் இருந்தேன். றெயில் வந்தது. போனது. திரும்பி வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன். மேலாளர் வேறு ஆள் பார்த்திருக்கவில்லை.

குளிசைகளை மறக்காமல் போடுங்கள்.

சுமித்ரா


பீல்,
11.5.2025

அன்பின் சுமித்ராவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த முறை நானே கீழே போய் எடுத்து, நானே முதலில் வாசித்தேன். அண்ணை இப்போது இங்கே இல்லை.

அன்று வரும் வழியில் யூலியர் கணவாயில் நிற்பாட்டினோம். அண்ணை சிகரட் பத்த இறங்கினார். நான் கரவானுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அந்த ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணை, நீங்கள் றெயில்ல வாங்கோ." ஆள் இல்லாத இடத்தில் சரியாக வருகிறது.

கரவான் லாங்கன்தாலில், பழைய இடத்தில் நிற்கிறது. அண்ணை அதில்தான் இருக்கிறார். மாடிப்படி இல்லாதபடியால் முழங்காலுக்குச் சுகமாம்.  உம்முடைய சட்டியை அவர் பாவிக்கிறார். ஓர் ஆளுக்கு அளவாக இருக்கிறதாம்.

ஹோலில் அண்ணையின் மருமகன் கிஷோபன் வந்து நிற்கிறான். இரண்டு கிழமைக்குத்தான்.

கரவான் இனி ஓடாதபடியால் சிங்கிள் கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டபுள் கப் எடுத்திருக்கிறேன். ஐந்து இருக்கை. நிறம் சாம்பல்.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராஜா