வண்டி சூடாகும் நேரம்

8 நவம்பர் 1999

பாணேரில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்ததும் என் கணவர் திருவாளர் விச்சுவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது: டீசல் கார். காலையில் கீழே போய் அதைக் கிளப்பி, நின்ற இடத்திலேயே இஞ்சினை ஓடவிட்டுவிட்டு, மாடியேறி வந்து காபி குடித்து, பேப்பர் படித்து, அப்புறம்தான் போசரி ஃபாக்டரிக்குக் கிளம்புவார். "டீசல் வண்டி சூடாகணும் நீலா." என் காபி ஆறிப்போவதைப் பற்றி என்றைக்காவது கவலைப்பட்டதுண்டா?

12 நவம்பர்

சுஷ்மாவுக்கு மறுபடி இழுப்பு. எட்டு வயசுக் குழந்தை, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தூங்குகிறாள். வீட்டுப் பக்கம் புகை உண்டா என்று கேம்ப் ஏரியாவில் நாங்கள் பார்க்கும் டாக்டர் கேட்டார். இவர் முந்திக்கொண்டு ஆட்டோக்காரர்கள் மண்ணெண்ணெய் கலப்பதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஆட்டோக்காரன் நம் முதல் மாடிக்கா ஏறி வருகிறான்?

13 நவம்பர்

கார் நிற்பது சுஷ்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே. சொன்னேன். "ஒனக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" தெரியாதுதான். மூக்கு இருக்கே!

21 நவம்பர்

பெட்ரோல், டீசல் எங்கிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் சார்ட் கேட்டிருக்கிறார்கள். சுஷ்மா டைனோசர் வரைந்தாள். இவர் பொங்கிவிட்டார். "டைனோசர் இல்லடி! கடல்ல மிதந்த துளியூண்டு பூச்சி, பாசி. செத்து, சேத்துல பொதைஞ்சு, கோடிக்கணக்கான வருஷம் அழுந்தி வெந்து எண்ணெய் ஆச்சு." எரித்தால் புகை, கரியமிலவாயு, பூமியே சூடாகும் என்று அழகாக எழுதியும் கொடுத்தார். அடேயப்பா, என்ன ஞானம்! அதுகள் கோடி வருஷம் வெந்தது, இந்த மனுஷன் காபி குடிக்கிற நேரத்தில் சும்மா எரியத்தானா?

22 நவம்பர்

கீழே டர்ர்ர். மேலே இவர், காபி.

29 நவம்பர்

ஆஸ்பத்திரி. காலைல ஒதடெல்லாம் நீலமாயிடுத்து. எம் பொண்ணு... கடவுளே. எழுத வரலை.

2 டிசம்பர்

வீட்டுக்கு வந்தாச்சு. டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. "இனிமே அங்க நிறுத்த மாட்டேன்டி." பாசத்தில் குறை சொல்ல முடியாது. நாளையிலிருந்தே வண்டியை எதிர் பில்டிங் சுவரோரம் நிறுத்தப்போகிறாராம். சூடாக்குவதை விடுவாரா? அதெப்படி!

19 டிசம்பர்

சுஷ்மா இப்போதெல்லாம் அசந்து தூங்குகிறாள்.

எதிர் பில்டிங் தரைத்தளத்து வைஷாலி கைக்குழந்தையோடு வந்தாள். கொஞ்ச நாளாகக் காலை வேளையில் குழந்தைக்கு ஒரே இருமலாம், காரணமே புரியவில்லையாம். உங்கள் பெண்ணை யார் பார்த்தார்கள் என்று இந்தியில் கேட்டாள். கேம்ப் டாக்டரின் விலாசம் கொடுத்தேன். வண்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ரொம்பக் கைராசிக்காரர் என்று மட்டும் சொன்னேன்.