எவ்வளவு ரத்தம் போச்சு?

மார்ச் 4, செவ்வாய்

இன்று வந்த பள்ளி ஆசிரியை, கப்பை எடுத்ததும் கேட்டார்: "எவ்வளவு ரத்தம் போச்சு?"

பதினொரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். முதுகில் கப்பை வைத்துக் காற்றை உறிஞ்சி, தோலை மெல்லக் கீறி, திரும்பவும் கப்பை வைத்து ரத்தம் எடுக்கிறேன். "கொஞ்சம்தான்" என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு? நான் முழித்ததை அவர் கவனித்துவிட்டார்.

சமையலறைத் தராசை நாளை கிளினிக்குக்கு எடுத்துப்போக வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

ஒன்பது பேரை எடை போட்டாயிற்று. அதாவது, அவர்கள் கப்பில் விட்டுப்போனதை.

எல்லோருக்கும் ஐந்து கப்தான். ஒருவருக்கு அறுபது கிராம், இன்னொருவருக்கு நூற்றைம்பது. ஏன்? மூன்று நிமிடம் வைப்பதற்கும் ஐந்து நிமிடத்துக்கும் நல்ல வித்தியாசம். பம்பை இன்னொரு இழுப்பு இழுத்தால் கூடுகிறது. காலையில் என் கை நிதானமாக இருக்கிறது. மதியத்துக்கு மேல் அவசரத்தில் ஆழமாகக் கீறுகிறேன் போலிருக்கிறது. அவரவர் உடம்புவாகு என்று இத்தனை நாள் சொல்லித் தப்பித்தேன். பாதி என் கைவாகு.

மார்ச் 13, வியாழன்

கீறலைக் குறைத்தேன். ரத்தம் குறைந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

அக்கா தலைவலிக்காக மாதாமாதம் என்னிடம் வருவாள். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போட்டோம். அம்மா போன பிறகும் அது ஆறவில்லை. ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை. கிளினிக் கட்டிலில் அவள் குப்புறப் படுத்துக்கொண்டால் முகம் பார்க்க வேண்டியதில்லை, இருவருக்கும் அது வசதி.

இன்றும் ஐந்து கப், லேசான கீறல், மூன்றே நிமிடம். இருநூற்று நாற்பது கிராம்! கப்பை எடுத்த பிறகும் நிற்கவில்லை. பஞ்சு ஊறியது, துண்டு ஊறியது. "கண்ணை இருட்டுதுடி" என்றாள். முதுகை அழுத்திப் பிடித்தபடியே டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எவ்வளவு போனது என்று டாக்டர் கேட்டார். டக்கென்று சொன்னேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றார். எனக்குத் தெரியவில்லை. அக்காதான் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: இதயத்துடிப்பு சரியில்லை என்று, ஏழு மாதமாக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை.

ஏழு மாசம். ஒவ்வொரு மாசமும் கப்புல எவ்வளவுன்னு பார்க்காம கொட்டிட்டேன். இப்ப கிராம் கிராமா எடை போட்டேனே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டேனா?

மார்ச் 21, வெள்ளி

ரத்தம் நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் எட்டு. இரண்டு நாள் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"சொன்னா நீ கப் போட மாட்ட."

"ஆமா, போட மாட்டேன்."

"அப்புறம் எதைச் சாக்கு சொல்லிட்டு நான் உன்கிட்ட வர்றது?"

போர்வையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 24, திங்கள்

கப் போட வருகிறவர்களிடம் கேட்க ஒரு கேள்விப் பட்டியல் எழுதினேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா? ரத்தசோகை? காயம் பட்டால் சீக்கிரம் நிற்குமா? எல்லாம் சரி — அக்கா மாதிரி மறைப்பவர்களை என்ன செய்வது?

ஏப்ரல் 17, வியாழன்

மூன்றாவது வாரமாக அக்கா வருகிறாள். கட்டில் பக்கமே போவதில்லை. முன்னறையில் நாற்காலி போட்டு, வருகிறவர்களிடம் கேள்விகளை அவளே கேட்கிறாள். மறைக்கிறவர்களை அவளுக்குத் தெரியுமாம்.

இன்று ஒரு பெரியவர், மாத்திரையே தொடுவதில்லை என்று அடித்துச் சொன்னார். காலையில் சாப்பிட்டதும் போடுகிறீர்களே, அது என்ன கலர் என்றாள் அக்கா. "ரோஸ்" என்றார் அவர். முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினோம்.

சாயங்காலம் கப்புகளைக் கழுவி வைத்துவிட்டு வந்தால், அவள் இன்னும் வாசலில் நிற்கிறாள். நேரமாகிறதே, கிளம்பவில்லையா என்றேன்.

"உனக்கும் சேர்த்துதான் சமைச்சு வச்சிருக்கேன்" என்றாள், தெருவைப் பார்த்துக்கொண்டு.

கதவைப் பூட்டிவிட்டு அவளோடு நடந்தேன்.