தண்ணீர் என்ன மூன்றாம் தரப்பா?

12.02.2024, திங்கள்

இங்கே காரைக்காலில் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்திலிருந்து பதில் வந்தது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடும் தொட்டியைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள், அதன் முடிவு என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். அவ்வளவுதான். 'மூன்றாம் தரப்பினர் தொடர்பான தகவல், தர இயலாது' என்று எழுதியிருக்கிறார்கள். யார் அந்த மூன்றாம் தரப்பு? தொட்டியா? அதன் மேல் உட்காரும் காக்காயா? குடிப்பது நாங்கள். மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடப்பது எதிர்வீட்டு ரீட்டாவின் மகள்.

28.03.2024, வியாழன்

மேல்முறையீட்டு விசாரணை. அதிகாரி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. இதில் பொதுநலன் எதுவும் இல்லை என்று தள்ளுபடி செய்துவிட்டார். வெளியே வரும்போது எழுத்தர் ஒருவர் மெதுவாக, "உங்க வீட்டு சாரும் கவர்மெண்ட்லதானே இருக்காங்க? ஏனாம் ரொம்ப தூரம்ங்க" என்றார். ஆந்திராவுக்குள் கிடக்கும் ஏனாமும் நம் புதுச்சேரி அரசுதான். வாயைத் திறப்பவர்களின் வீட்டுக்காரர்களை அங்கேதான் அனுப்புவார்கள்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "இதோட விட்டுடு ப்ரியா. கீர்த்திகா அடுத்த வருஷம் பத்தாவது. நான் அங்க போய்க் கெடந்தா இங்க யாரு பாக்குறது?"

விடறதா? நான் என்ன அவங்க வீட்டு சொத்தையா கேட்டேன்? என் வீட்டுக் குழாயில வர்ற தண்ணிய பத்தித்தானே —

30.03.2024

பேச்சுவார்த்தை இல்லை. சோறு மட்டும் போட்டேன்.

11.06.2024, செவ்வாய்

வெட்கக்கேடு. பூவம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பொறையாரில் இருக்கும் தம்பி முத்தமிழ் சொன்னானே என்று இரண்டாவது மேல்முறையீட்டைச் சென்னையிலுள்ள தகவல் ஆணையத்துக்கு அனுப்பியிருந்தேன். புதுச்சேரி எங்கள் வரம்பில் வராது என்று திருப்பிவிட்டார்கள். காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாடு. பேச்சும் பஸ்ஸும் ஒன்றுதான். ஆனால் நாம் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்தில்தான் முறையிட வேண்டும். காரைக்காலிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லை.

கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். டெல்லி விலாசம் எழுத உட்கார்ந்தேன். அவர் வந்து பேனாவை வாங்கி, உறையில் அவரே எழுதிக் கொடுத்தார்.

21.02.2025

டெல்லியிலிருந்து சத்தமே இல்லை. வசதி உள்ளவர்கள் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். மற்றவர்கள் காய்ச்சிக் குடிக்கிறோம்.

18.09.2025, வியாழன்

இன்று விசாரணை. டெல்லி ஆணையர் திரையில், நாங்கள் காரைக்காலில். எங்கள் வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டு வந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. கொம்யூன் அதிகாரிக்கு அவரைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அரசு ஊழியரான நீங்கள் எந்த முறையில் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இவங்க வீட்டுக்காரன்ங்கிற முறையிலதாங்க" என்றார் என் வீட்டுக்காரர். நாற்காலியை எனக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் எனக்கென்ன பயம்? நடந்ததை எல்லாம் சொன்னேன். குடிநீர் எப்படி மூன்றாம் தரப்பாகும் என்று ஆணையர் கேட்டார். அதிகாரி காகிதங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். கேட்ட தகவலை உடனே கொடுக்கச் சொல்லி உத்தரவு.

27.10.2025, திங்கள்

தகவல் கையில் கிடைத்தது. மூன்று ஆண்டாகப் பரிசோதனையே செய்யவில்லை. காட்ட ஒன்றும் இல்லாததால்தான் இத்தனை நாள் காட்டவில்லை! ரீட்டா நகலெடுத்துத் தொட்டிச் சுவரிலேயே ஒட்டிவிட்டாள்.

10.11.2025, திங்கள்

தொட்டிக்குள் ஆள் இறங்கிக் கழுவினார்கள். வாளி வாளியாகச் சேறு. தெருவே நின்று பார்த்தது. பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போக ஆய்வகத்திலிருந்தும் ஆள் வந்தார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ஏறட்டுமே.

19.11.2025

அவருக்கு மாற்றல் உத்தரவு. ஏனாம்.

03.12.2025, புதன்

நேற்று அங்கே வேலையில் சேர்ந்துவிட்டார். சாயங்காலம் போன் செய்தார். கீர்த்திகா சாப்பிட்டாளா, கேஸ் சிலிண்டர் வந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் சொன்னார். என்ன தப்பு செய்து இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அங்குள்ள கண்காணிப்பாளர் எல்லார் முன்னாலும் கேட்டாராம்.

"நான் ஒண்ணும் செய்யல சார், எங்க வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டாங்க, பதில் வர்ற வரைக்கும் விடலன்னு சொன்னேன் ப்ரியா."

சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.