வாலுவின் நிறத்தில் ஒரு கம்பளி

ஜூன் 4

வாத்தியாருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். நான் உங்களையும் வீட்டையும் விட்டு வந்து ஒன்றரை வருடமாகிறது. விடுதியில் நாய் வளர்க்க விடுவதில்லை, இல்லாவிட்டால் வாலுவை உங்களிடம் விட்டிருக்கவே மாட்டேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

அவன் நிறத்திலேயே அவன் கழுத்துக்கு ஒரு கம்பளி வளையம் பின்னப் போகிறேன். முதுகின் கறுப்பு, வயிற்றின் பழுப்பு. ஒவ்வொரு சுற்றையும் கறுப்பில் ஒரு தடவை, பழுப்பில் ஒரு தடவை பின்ன வேண்டும். வெளியே கறுப்பு தெரியும், திருப்பிப் போட்டால் பழுப்பு. கடையில் பழுப்பிலேயே பத்து வகை இருக்கிறது. ஒத்துப் பார்க்க அவன் வயிற்று முடி கொஞ்சம் அனுப்புங்கள்.

சுருட்டை

ஜூன் 19

என் சுருட்டைக்கு,

முடி இதோடு இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறான். உன் செருப்பு கிடந்த இடத்தில்தான் படுக்கை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், நானும் நலம்.

உன் வாத்தியார்

ஜூலை 12

அன்புள்ள வாத்தியாருக்கு,

பழுப்பு கிடைத்துவிட்டது, அச்சு அசல் அவன் வயிறு. நாலு விரல் வளர்ந்தபோது ஒரு கண்ணி நழுவி, மொத்தத்தையும் பிரித்துத் திரும்பப் பின்னினேன். விடுதிச் சமையற்காரம்மா பார்த்துவிட்டு, "இந்தப் பாடு நாய்க்கா? ஊரில இருக்கிற புருஷனுக்காவது பின்னியிருக்கலாம்ல" என்றார். சிரித்துவிட்டேன்.

விடுமுறைக்குப் பத்து நாள் வரட்டுமா? டிக்கெட் எடுத்துவிட்டேன். அவனைப் பார்க்கத்தான். கொஞ்சம் உங்களையும்.

சுருட்டை

ஜூலை 20

சுருட்டை,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். வாலு இல்லை. மே மாதக் கடைசியிலேயே போய்விட்டான். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். மூன்று நாள் தண்ணீர்கூட இறங்கவில்லை. நான் அனுப்பியது சீப்பில் சிக்கியிருந்த முடி.

நீ எழுதிய ஒவ்வொரு கடிதமும் அவனைக் கேட்டுத்தான் வந்தது. அவன் இல்லை என்றால் உன் கையெழுத்தும் வராது என்று பயந்துவிட்டேன். திட்டுவதற்காகவாவது வா.

வாத்தியார்

ஆகஸ்ட் 2

வாத்தியாருக்கு,

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. செத்ததை மறைத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். ஆனால் அந்த மூன்று நாள்? ரயிலில் ஒரு பகல் பயணம்தானே. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்திருப்பேன். யாரைத் தேடி வாசலைப் பார்த்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியாதா?

கம்பளி வளையத்தைப் பின்னி முடித்துவிட்டேன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன்.

அவனை எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். என்றைக்காவது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.