பாக்கி வைத்த சுண்டுவிரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? அப்பாவிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

சமூகப்பணி மேற்படிப்பில் இப்போது களப்பயிற்சி. குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் நாலு வயது மகளைப் பார்க்க ஒரு தாய்க்கு வாரம் ஒரு மணி நேரம்தான் அனுமதி. கூடவே உட்கார்ந்து, அவர் செய்வதை எழுதுவது என் வேலை. பயப்படாதே, சண்டை சச்சரவு எதுவும் இல்லை.

அங்கிருந்த பொம்மைகளை அவர் தொடவே இல்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு விரலாக நகம் வெட்டினார். நேரம் முடியும்போது ஒரு சுண்டுவிரல் மட்டும் பாக்கி.

"அதையும் வெட்டிடுங்களேன், ஒரு நிமிஷம்தானே," என்றேன்.

"வேணாம்மா. போகும்போதெல்லாம் மறுபடி வருவியான்னு கேக்குறா. ஒண்ணு பாக்கி இருந்தா நம்புவா," என்றார்.

நான் படித்த பாடமெல்லாம் அவர் முன்னால் கைகட்டி நின்றது. படிவத்தில் 'நகம் வெட்டினார்' என்று எழுதிவிட்டு, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் தையல் பெட்டியில் இருக்கும் நகவெட்டியை அனுப்பு. இங்கேயும் கடையில் கிடைக்கும்தான். இடது கையால் வெட்ட எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன்.

வலது சுண்டுவிரலை வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

உன் மகள்